மறைப்புக்கு அந்தப் பக்கம்

பொய் சொல்லத் தெரியாதவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டு. "அவ மூஞ்சிக்கு நேரே சொல்லிப் போடுவா, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கெடையாது" என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்; கோபம் அதைவிட நீளம். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பு இல்லையென்றால் இலையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். இதை வைத்து யாரோ கட்டிவிட்ட பேர் அது. இத்தனை வருஷமாக நானும் மறுத்துச் சொல்லாமல் அதைச் சுமந்துகொண்டு திரிகிறேன். வெட்கமாக இருக்கிறது. சொல்லும்படியாகப் பெரிய பொய் என்று வாழ்க்கையில் நான் ஒன்றுதான் சொன்னேன். அந்த ஒன்றே போதும்.

நான் பிறந்தது திருவேங்கடத்துப் பக்கம். கரிசல் காடு. கம்பு விளையும், பருத்தி விளையும், தண்ணீருக்குத்தான் பஞ்சம். கயிறு விட்டு விட்டுக் கை சலித்து இறைத்த தண்ணீரில் முகம் கழுவி, அந்தத் தண்ணீரைக் கீழே சிந்தாமல் கத்திரிச் செடிக்கு ஊற்றுவோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து என்னைத் தென்காசியில் கட்டிக் கொடுத்தார்கள். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், தை மாதம் கல்யாணம். "அருவிக்குப் பக்கத்துல வாக்கப்படுதா, குடுத்து வச்சவ" என்று ஊரே சொல்லித்தான் வண்டி ஏற்றிவிட்டது. போன இரண்டாம் மாதமே என் அம்மா ஆள் மூலம் கேட்டுவிட்டாள், அருவியில் குளித்தாயா என்று. மாசியில் ஏது அருவி? பாறையில் ஈரம் கூட இருக்காது. ஆனி வரட்டும் என்று காத்திருந்தேன்.

வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரரின் அண்ணனான மூத்த அத்தான், அவர் மனைவி, என் வீட்டுக்காரர், நான் என்று ஐந்து பேர். வயலும் கோயில் கட்டளையும் பார்த்துவந்த குடும்பம். வெளிவேலைக்கு ஆள் உண்டு. அடுக்களைக்குள் மட்டும் வெளியாள் கால் வைக்கக் கூடாது, அது மாமியார் சட்டம். அதனால் அடுக்களை முழுக்க மூத்தவள் பாடு, என் பாடு. அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்கு முப்பது வயது இருக்கும். எனக்குப் பதினெட்டு.

அக்காவுடைய வலது கை தெருவுக்கே தெரிந்த கை. கை முறுக்கு சுற்றுவாள். மாவை இரண்டு விரலுக்கு நடுவில் திரித்துத் திரித்து ஏழு சுற்று கொண்டுவருவாள். ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்து போகாது. எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் மாவு அவள் கையால் சுற்ற வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அவளும் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு ராணி மாதிரிப் போய் உட்காருவாள். எனக்குச் சுற்றத் தெரியாது. நான் சுற்றினால் அது பாம்பு செத்துக் கிடந்த மாதிரி இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு அவள்மேல் எரிச்சல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பங்குனியில் அந்தக் கைக்கு வலி வந்தது. தோளில் தொடங்கி முழங்கை வழியாகச் சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கும் என்பாள். விரல் மரத்துப் போகும். டம்ளரைத் தூக்கினால் நழுவும். ஒரு இங்கிலீஷ் டாக்டர் பூச்சுத் தைலம் கொடுத்தார். தோல் எரிந்ததுதான் மிச்சம், வலி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்று வாளியும் மொத்தமாக என் தலையில் விழுந்தன. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நடிக்கிறாள் என்று நினைத்தேன். இட்லிக்கு ஆட்டும்போது வலிக்கிற கை, தலை பின்னும்போது வலிக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்க்கிற கண்ணில்தான் விஷம்.

வைகாசியில் அத்தான் ஒரு வர்ம ஆசானைக் கூட்டிக்கொண்டு வந்தார். செங்கோட்டைக்காரர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்தது. அவர் பேச்சில் பாதி மலையாளம் விழும். ஐந்தருவிக்குப் போகிற பாதையோரத்தில் ஓலைச் சாய்ப்பு ஒன்று போட்டு ஒடிவு, முறிவு, பிடிப்பு எல்லாம் பார்த்துவந்தார். பாறையில் வழுக்கி விழுந்தவர்களால் சீசன் முழுக்க அவருக்குக் கை ஓயாது. ஐம்பது வயது இருக்கும். மேலுக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். கட்டைவிரல் இரண்டும் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். அதிகம் பேசமாட்டார்.

எங்கள் வீட்டில் பெண்கள்மேல் வேற்று ஆணின் கை படக் கூடாது. அத்தான் முதலிலேயே சொல்லிவிட்டார். கூடத்தில் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டோம். மறைப்புக்கு அந்தப் பக்கம் பாயில் அக்கா, இந்தப் பக்கம் மணையில் ஆசான். எங்கே வலி, எப்போது மரக்கிறது, தலையைத் திருப்பினால் கூடுகிறதா என்று கேட்டார். அக்கா உள்ளிருந்து பதில் சொன்னாள்.

"வலி கையிலயாக்கும். ஆனா அதுக்க வேரு கழுத்துல இருக்கு" என்றார். "கழுத்தெலும்பு ஒரு நெல்லிடை விலகி நரம்ப அமுக்குது. இலை வாடினா வேருக்குத்தான தண்ணி ஊத்தணும்? நாப்பத்தொரு நாளு காலையும் மாலையும் தடவிப் பிடிச்சா எலும்பு எடத்துக்கு வரும். நான் தொடாண்டாம். இந்த வீட்டுல ஒரு பெண்ணுக்க கை மதி, அது போதும்."

நெல்லிடை என்றால் ஒரு நெல்லின் அளவு. அவர்களுக்கு அதுதான் கணக்கு.

மாமியார் என்னைக் கை காட்டினார். வேறு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரரைச் சட்டையைக் கழற்றி மணையில் உட்காரவைத்து, அவர் முதுகிலும் கழுத்திலும் ஆசான் இடம் காட்டினார். அந்த மனுஷருக்குக் கூச்சம். விரல் பட்டதும் நெளிந்து, சிரித்து, கடைசியில் மணையிலிருந்தே விழுந்தார். மாமியார் கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பார்த்துவிட்டு மறைப்புக்குள் போய் அக்காவின் கழுத்தில் அதே மாதிரிச் செய்ய வேண்டும். ஆசானால் என் கையைப் பார்க்க முடியாது. அவர் அக்காவின் சத்தத்தைத்தான் கேட்பார். அவள் "ஸ்" என்றால் சரியான இடம். "ஐயோ" என்றால் அழுத்தம் கூடிப்போச்சு. சத்தமே இல்லையென்றால், "ஒரு நெல்லிடை கீழ" என்பார். நான் விரலை நகர்த்துவேன். "ஸ்" என்பாள். "அதுதான்" என்பார்.

அன்றைக்குப் புறப்படும்போது என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். "மகளே, இந்த நாப்பத்தொரு நாளும் இது ஒனக்க கையில்ல, எனக்க கையாக்கும். இது செய்யுறது நான் செய்யுறது. ஓர்மை இருக்கட்டும்."

முதல் பத்து நாள் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்காவுக்குத் தெரியாத ஒரு கைவேலை எனக்கு வாய்த்துவிட்டது அல்லவா! எண்ணெயைச் சுடவைத்து, அவள் கூந்தலை ஒதுக்கி, தோளிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து விரலுக்குமாக ஒரு நாழிகை நேரம் தடவுவேன். பிறகு அவள் எண்ணெய் ஊறக் கண்ணை மூடிக் குப்புறக் கிடக்க வேண்டும். பத்து நாள் கழிந்ததும் சலித்துவிட்டது. காலையில் ஆட்டுக்கல், மத்தியானம் அம்மி, அதற்குமேல் இவளுக்குத் தடவல். ஒரு நாழிகை அரை நாழிகை ஆனது. "ஆச்சாட்டி?" என்று மாமியார் கேட்டால், "ஆச்சு அத்தை" என்பேன். ஆசான் செவ்வாயும் வெள்ளியும் வந்து பார்ப்பார். அந்த இரண்டு நாள் மட்டும் ஒழுங்காகச் செய்வேன்.

அப்படி அரைகுறையாகச் செய்தும் கை தேறியது. இருபது நாள் தாண்டியதும் அக்கா டம்ளரை நழுவவிடாமல் பிடித்தாள். ராத்திரி தூங்கினாள். ஒருநாள் அரிசி மாவைக் கொஞ்சம் பிசைந்து மூன்று சுற்று சுற்றிப் பார்த்து, "ஏட்டி, பாத்தியா!" என்று குழந்தை மாதிரிக் கூவினாள். மூன்றாவது சுற்று கொஞ்சம் கோணல். அப்போதும் என்னால் வாய் நிறைய ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. "அப்போ நாளைக்கி மாவு ஆட்டிருவீயளா?" என்றேன்.

ஆனி பிறந்தது. மேற்கே மலை தெரியாமல் மூடிக்கொண்டது. சாரல் தெருவரைக்கும் வந்து முகத்தில் அடித்தது. வருஷா வருஷம் எங்கள் வீட்டில் குற்றாலத்தில் பத்து நாள் வீடு பிடித்துத் தங்குவார்கள். பாத்திரங்களை எடுத்துக் கட்டத் தொடங்கினோம். அப்போது மாமியார் சொன்னார்: "பெரியவளுக்குப் பத்தியம். அவ வீட்டோட கெடக்கட்டும். ஏட்டி சின்னவளே, நீயும் தொணைக்கி இரி. எண்ணெ தேய்க்க ஆளு வேணும்லா?"

எனக்கு வந்ததே கோபம்! எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்? அருவியை ஒரு தடவை கூடப் பார்க்காதவள் நான். மூன்று மைலில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் காற்றில் வருவது போல எனக்குத் தோன்றும். அடுக்களையில் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, தடவலில் இருபத்தேழாம் நாள். ஆசான் வந்தார். சிகிச்சை முடிந்து அக்கா மறைப்புக்கு அந்தப் பக்கம் எண்ணெய் ஊறக் கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அத்தானும் என் வீட்டுக்காரரும் வண்டி பேசப் போயிருந்தார்கள். மாமியார் பின்கட்டில். நான் ஆசானுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

"சாரல் தொடங்கியாச்சு. இனி எல்லாவரும் அருவிக்கு ஓடுவாங்க. அவளை விடாண்டாம். எலும்பு இப்பந்தான் எடத்துக்கு வருது. பிடரியில தண்ணி அடிச்சா எல்லாம் போச்சு. இன்னும் பதினாலு நாளு. அது கழிஞ்சா நூறு முறுக்கு சுத்தட்டும்."

"சரி ஆசானே" என்றேன். அவர் போய்விட்டார்.

அத்தானும் மற்றவர்களும் வந்ததும் அதே வாயால் சொன்னேன்: "ஆசான் அக்காவும் போகலாம்னுட்டாரு. தண்ணி அடிச்சாக் கழுத்துக்கு நல்லதாம். நான் தேய்க்கத விட அருவி தேய்க்கது விசேசமாம்."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? இந்தச் சீமையில் பிறந்த யாரைக் கேட்டாலும் அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், உடம்பு வலிக்கு அதைப்போல மருந்து இல்லை என்றுதான் சொல்வார்கள். முதுகு பிடித்தவனும் இடுப்பு பிடித்தவனும் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற இடம்தானே அது! நானே கூடப் பாதி நம்பினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். நம்பவில்லை. ஒருநாள் தண்ணீரில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். என் கைக்குப் பதிலாக அருவி தடவிவிட்டுப் போகட்டும், எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

அக்கா மறைப்பை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஆசான் அப்படியா சொன்னாரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஆமாக்கா."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "அப்போ எனக்க செவப்புச் சேலையையும் எடுத்து வை" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் புறப்பட்டோம். பேரருவியில் கூட்டம் நெரிந்ததால் வண்டியை நேரே ஐந்தருவிக்கு விட்டார்கள். வழியில் ஆசானின் ஓலைச் சாய்ப்பு வந்தது. தட்டி மூடியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அருவிக் கரையில் எண்ணெயும் சீயக்காயும் விற்றார்கள், மங்குஸ்தான் பழம் விற்றார்கள். பெண்கள் நிற்கிற பக்கம் தண்ணீர் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் நின்றேன். மூச்சு முட்டியது. இவ்வளவு தண்ணீர், யாரும் இறைக்காமல், தானாக! அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அந்த அரை மணி நேரம் மாதிரி நான் என்றைக்கும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அக்கா ஓரத்தில் கால் மட்டும் நனைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் போய் இழுத்தேன். "இங்கன வாங்கக்கா, இங்கனதான் நல்லா அடிக்குது" என்று கூட்டிவந்தேன். தினமும் எண்ணெய் தேய்க்க ஒதுக்குவது போலவே அவள் கூந்தலை ஒதுக்கினேன். தலையைக் குனியவைத்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, பிடரியில் விழுகிற மாதிரி நிறுத்தினேன். இருபத்தேழு நாள் பழகிய கை. அந்த இடம் எதுவென்று அதற்கு நன்றாகத் தெரியும். ஒரு நெல்லிடை கூடப் பிசகவில்லை.

அக்கா வாயைத் திறந்தாள். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவள் திமிறினாள். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று கத்தி, இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கரையேறி ஈரச் சேலையைப் பிழியப் போனாள். வலது கை எழும்பவில்லை. இடது கையால் அதைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் விழுந்தது. "ஏட்டி, எனக்க கையக் காணோம்ட்டி" என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை கூட வரவில்லை.

பத்து நாள் வாடகைக்கு எடுத்த வீட்டைப் பூட்டியபடியே விட்டுவிட்டு அன்றைக்கே தென்காசிக்குத் திரும்பினோம். மறுநாள் ஆளனுப்ப, ஆசான் வந்தார். மறுபடி ஜமக்காளம் தொங்கியது. ஒவ்வொரு விரலாக அசைக்கச் சொன்னார். நான் உள்ளிருந்து சொன்னேன்: "சுண்டுவிரல் அசையல. மோதிரவிரல் அசையல. நடுவிரலு கொஞ்சம்."

"பிடரியில தண்ணி அடிச்சுதோ?" என்று கேட்டார்.

அத்தான் எழுந்துவிட்டார். "அடிக்காமலா? நீருதான ஓய் போகச் சொன்னீரு!"

"நானா? ஆரு பறஞ்சது?"

"எங்க வீட்டுச் சின்னவ ஒம்மகிட்டக் கேட்டுட்டு வந்துதான சொன்னா? ஏம்மா, வெளிய வந்து சொல்லு."

நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு மறைப்புக்கு வெளியே வந்தேன். மாமியார், அத்தான், என் வீட்டுக்காரர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூஞ்சிக்கு நேரே சொல்லுகிற வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆசான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். கிண்ணம் சாய்ந்து எண்ணெய் தரையில் சிந்திக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார். "நான்தான் பறஞ்சது. தப்பு எனக்குள்ளதாக்கும்."

அத்தான் ஏசினார். இங்கே எழுதக் கூடாத வார்த்தைகள். ஆசான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்று, கடைசியில் கை கூப்பினார். "எனக்கு ஒண்ணும் தராண்டாம். இன்னொரு நாப்பத்தொரு நாளு மட்டும் தாருங்க. நரம்பு நசுங்கியிருக்கு, அத்துப் போகல்ல. கை திரும்பும்."

"கெடுத்தது போதும்யா. இனி இந்த நடை மிதிக்காதீரும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருந்தால் அவரை நிறுத்தியிருப்பார்கள். அக்காவின் கை திரும்பியிருக்கும். அன்றைக்கு விட்டாலும் மறுநாள் சொல்லியிருக்கலாம். அந்த வாரத்தில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் வாய் வரை வரும். சொன்னால் திருவேங்கடத்துக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள், வாழாவெட்டி என்று ஊர் சிரிக்கும் என்ற பயம் அதை விழுங்கிவிடும். மாசங்கள் போயின. விரல்கள் உள்ளே மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

அருவியில் நிற்கச் சொல்லிக் கையை முடமாக்கின வைத்தியன் என்று தென்காசி, இலஞ்சி, கடையம் வரைக்கும் பேர் பரவியது. அடுத்த சீசனில் அந்த ஓலைச் சாய்ப்பில் ஒருவன் பழம் விற்றுக்கொண்டிருந்தான். ஆசான் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னான். எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அக்கா இடது கையால் சாப்பிடப் பழகினாள். இடது கையால் சாப்பிடுகிறவளைப் பந்தியில் பக்கத்து இலைக்காரி எப்படிப் பார்ப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் பந்திக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கல்யாணங்களுக்கே போவதை நிறுத்தினாள். முறுக்குக்குக் கூப்பிட வருகிறவர்களும் நின்றுபோனார்கள். அடுக்களை மூலையில் அவளுக்குத் தனியாக இலை போட்டு, சோற்றைப் பிசைந்து, கறியை நறுக்கி வைப்பேன். அவள் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன். தலை வாரிவிடுவேன், சேலை கட்டிவிடுவேன். "ஓரகத்தியை இப்படித் தாங்குதவ இந்த ஊர்ல உண்டுமா!" என்று தெரு மெச்சியது. அந்த மெச்சலைக் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கிணற்றில் விழலாம் போல இருக்கும். விழவில்லை. மறுநாளும் சோறு பிசைந்தேன்.

யுத்தம் வந்தது, அரிசிக்குக் கார்டு வந்தது, பஸ் கரியில் ஓடியது. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மாமியார் போய்ச் சேர்ந்தார். யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் எனக்குக் கால் வலி வந்தது. இடுப்பில் தொடங்கிப் பின்தொடை வழியாகக் குதிகால் வரைக்கும் ஒரே இழுப்பு. உட்கார முடியாது, நிற்க முடியாது. இங்கிலீஷ் டாக்டர் அதே எரிகிற தைலத்தைக் கொடுத்தார். பத்து நாள் பாயோடு கிடந்தேன். எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன். மனசுக்குள் ஒரு நிம்மதி கூட இருந்தது.

பதினோராம் நாள் காலை அக்கா ஒரு கிண்ணத்தில் எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "குப்புறப் படு" என்றாள்.

"ஒத்தக் கையால என்ன செய்வீய?"

"ஒனக்கு வாய் மட்டும் வலிக்கல பாரு. படுட்டி."

அவள் இடது கட்டைவிரல் என் இடுப்பு எலும்பில் இறங்கியது. தேடியது. நான் சத்தம் காட்டவில்லை. "ஒரு நெல்லிடை கீழ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை நகர்த்தினாள். "ஸ்" என்றேன். "அதுதான். வலி காலுலயாக்கும். வேரு இடுப்புல" என்றாள். ஆசானின் வார்த்தை, அவருடைய இழுப்போடு அப்படியே வந்தது.

"உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம்?"

"மறைப்புக்கு அந்தப் பக்கம் நாந்தானட்டி கெடந்தேன். அவரு பேசுதது பூரா எனக்குத்தான கேட்டுச்சு?"

"எண்ணெ ஊறும்போது நீங்க தூங்கிருவீயன்னு நெனச்சேன்."

"அந்த எண்ணெ எரியுத காந்தலுல எவளுக்குத் தூக்கம் வரும்?"

அவள் கை நிற்காமல் தடவிக்கொண்டிருந்தது. நான் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன். "அன்னைக்கி, மோர் குடிச்சிட்டு அவரு சொன்னது?"

"கேட்டுச்சு. பதினாலு நாளு போகாண்டாம்னது கேட்டுச்சு. நீ வந்து மாத்திச் சொன்னதும் கேட்டுச்சு."

"பெறவு ஏங்க்கா வந்தீய?"

"எனக்கும் ஆசையா இருந்துச்சுட்டி. இருபத்தேழு நாளு தலைக்குத் தண்ணி கெடையாது, புளி கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஒரு நாளு நின்னா என்னன்னு தோணிச்சு. பொய் சொன்னது நீ, பாவம் ஒனக்கு, குளி எனக்குன்னு நெனச்சேன். சேலைய எடுத்து வைன்னேன்."

"அத்தான் அவரை ஏசும்போது நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். எட்டு வருஷம் என்னை நானே தின்றதெல்லாம் அந்தக் கேள்வியில் வந்துவிட்டது.

"சொல்லியிருக்கலாம். தெரிஞ்சும் போய் நின்னேன்னு எந்த மூஞ்சிய வச்சிச் சொல்ல? நீ வெளிய வாயடைச்சு நின்ன. நான் உள்ள வாயடைச்சுக் கெடந்தேன்." அவள் விரல் குதிகால் வரை வழித்துக்கொண்டு போய்த் திரும்பியது. "எனக்குக் கை போச்சு. அந்த மனுசனுக்குப் பேரு போச்சு. ஒனக்கு என்னட்டி போச்சு?"

குத்திக்காட்டுகிற குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது. பாய் நனைந்தது. அவள் எண்ணெயை மறுபடி தொட்டுக்கொண்டாள்.

காலையும் மாலையும் ஒரு நாழிகை குறையாமல் தடவினாள். ஆனி பிறந்து வீட்டில் எல்லோரும் அருவிக்குப் போனபோதும் எனக்காக வீட்டில் இருந்தாள். ஒருநாள் விடவில்லை. நாற்பத்தோராம் நாள் நான் எழுந்து நடந்தேன். வலி இல்லை.